சத்தம் தாங்காத காதுக்கு என்ன வாங்கலாம்? மலையில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

குக்கர் விசில் அடித்தாலே காதைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் போய்வந்தால் அன்று முழுக்கப் படுத்தே கிடக்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் இருப்பது குன்னூர். என் மகனுக்கு ஆட்டிசம் உண்டு, எனக்கு மைக்ரேன் உண்டு. அதனால் எங்கள் வீட்டில் சத்தத்தை அடைக்கும் சாமான் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் சேர்த்திருக்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு விலை உயர்ந்த ஹெட்ஃபோன் தேவையே இல்லை. எந்தச் சத்தம் தொல்லை தருகிறது என்று சரியாகத் தெரிந்தால், சில நூறு ரூபாயிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

சத்தம் தாங்கவில்லை என்பது நோயா, பிடிவாதமா?

பிடிவாதம் இல்லை. அதை முதலில் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். காரணம்தான் ஆளுக்கு ஆள் மாறும். ஆட்டிசம் உள்ள பலருக்கு எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் ஒரே அழுத்தத்தோடு உள்ளே வரும். எதைக் கேட்பது, எதை விடுவது என்று மூளை பிரித்துக் கொடுக்காது. மைக்ரேன் வந்தவருக்கு வெளிச்சத்தோடு சேர்ந்து சத்தமும் ஆகாது. மற்றவர்களுக்குச் சாதாரணமாகக் கேட்கும் சத்தமே ஒருவருக்கு வலிக்கிறது என்றால் அதை ஹைபரக்யூசிஸ் என்பார்கள். சப்புக்கொட்டிச் சாப்பிடுவது, மூக்கை உறிஞ்சுவது போன்ற சில சத்தங்களுக்கு மட்டும் ஆத்திரம் பொங்கினால் அது மிசோஃபோனியா. மார்கரெட், பாவெல் யாஸ்ட்ரபாஃப் என்ற இரு ஆய்வாளர்கள் 2001இல் வைத்த பெயர் அது. தலையில் அடிபட்டவர்களுக்கும், காதுக்குள் சதா இரைச்சல் கேட்பவர்களுக்கும் இந்தத் தொல்லை வரலாம்.

"நாலு அடி போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லும் சொந்தக்காரர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. சரியாகாது. குழந்தை அழுவதை நிறுத்தலாம், சத்தம் வலிப்பது நிற்காது.

மலையில் அமைதிதானே? இங்கே எதற்கு இதெல்லாம்?

கீழே இருப்பவர்கள் கேட்கும் கேள்வி இது. ஏப்ரல், மே மாதத்தில் ஊட்டி சேரிங் கிராஸில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஹாரன் அடித்துத்தான் ஆக வேண்டும்; மேட்டுப்பாளையம் சாலையில் 14 வளைவு, கல்லட்டியில் 36. சாலையோரம் வீடு இருப்பவர்களுக்கு அதுவே போதும். தேயிலை ஃபேக்டரிக்குப் பக்கத்து லைன் வீடுகளில் பெரிய விசிறிகளின் உறுமல் இரவிலும் கேட்கும். தகர ஷீட் போட்ட வீட்டில் ஆடி மழை பெய்தால் உள்ளே ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. திருவிழாவில் குழாய் ஸ்பீக்கர், கல்யாணத்தில் டிஜே, கரண்ட் போனால் கடைக்குக் கடை ஜெனரேட்டர்.

இன்னொன்றும் உண்டு. மற்ற நேரத்தில் இங்கே உண்மையிலேயே அமைதிதான். அந்த அமைதிக்குப் பழகிய காதுக்குத் திடீரென்று வரும் ஏர் ஹாரன் கூடுதலாகவே உறைக்கும்.

வாங்குவதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும்?

ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்தச் சத்தம், எங்கே, எவ்வளவு நேரம், அப்போது என்ன ஆனது. இதைச் செய்யாமல் வாங்கும் சாமான் பெரும்பாலும் அலமாரியில்தான் கிடக்கும்.

எழுதியதைப் பார்த்தால் சத்தங்கள் இரண்டு கூட்டமாகப் பிரிவது தெரியும். ஒன்று, விடாமல் அடித்தொண்டையில் உறுமுவது: பஸ் எஞ்சின், ஜெனரேட்டர், ஃபேக்டரி விசிறி, மிக்ஸியின் அடிச்சத்தம். இன்னொன்று, திடீரென்று கீச்சென்று வருவது: குக்கர் விசில், பாத்திரம் விழுவது, நாய் குரைப்பது, குழந்தை வீறிடுவது, ஹாரன். உங்கள் வீட்டுப் பட்டியலில் எது அதிகம் என்பதை வைத்துத்தான் சாமானைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்குச் சத்தம் அளக்கும் இலவச ஆப் ஒன்றும் போட்டுக்கொள்ளலாம். ஃபோன் காட்டும் எண் துல்லியமாக இருக்காது, ஆனால் எந்த அறை சத்தம் அதிகம் என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

இயர்பிளக், இயர்மஃப், நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன்: மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

இயர்பிளக் காதுத் துளைக்குள் போவது. ஃபோம், சிலிக்கான் என்று இரண்டு விதம். மலிவு, வெளியே தெரியாது, தூங்கும்போதும் போடலாம். காதுக்குள் எதையும் வைக்க விடாத பிள்ளைகளுக்கு ஒத்துவராது.

இயர்மஃப் என்பது மரம் அறுப்பவர்கள், ரோடு உடைப்பவர்கள் மாட்டியிருப்பார்களே, அந்தக் கிண்ணம் வைத்த சாமான். பாட்டு வராது, பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. கீச்சென்று வரும் சத்தங்களை நன்றாக அடைக்கும். அடித்தொண்டை உறுமலை அந்த அளவுக்கு அடைக்காது. ஒரு நொடியில் மாட்டி ஒரு நொடியில் கழற்றலாம் என்பதுதான் இதன் பெரிய பலம். கரண்ட் இரண்டு நாள் இல்லாத மழைக்காலத்திலும் வேலை செய்யும்.

நாய்ஸ் கேன்சலிங், அதாவது ஏஎன்சி, வேறு கதை. வெளிச்சத்தத்தை மைக் வைத்துப் பிடித்து, அதற்கு நேரெதிரான அலையை உள்ளே எழுப்பி, இரண்டையும் ஒன்றையொன்று அழிக்கச் செய்வது. பால் லூக் என்ற ஜெர்மானியர் இந்த யோசனைக்கு 1936லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1978இல் விமானத்தில் போகும்போது எஞ்சின் இரைச்சலில் பாட்டு கேட்க முடியாமல் போனதால் இதைக் கையில் எடுத்தவர் அமர் போஸ். வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன ஒருவரின் மகன். அவருடைய கம்பெனி விமானிகளுக்கான ஹெட்செட்டை 1989இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறந்ததே எஞ்சின் உறுமலை அடக்கத்தான் என்பதால் இன்றுவரை ஏஎன்சிக்கு அதுதான் கைவந்த வேலை. ஊட்டியிலிருந்து கோவை போகும் பஸ்ஸில் சுகமாக இருக்கும். குக்கர் விசிலுக்கு ஏஎன்சி கிட்டத்தட்ட ஒன்றுமே செய்யாது. காதைச் சுற்றி உட்காரும் மெத்தை எவ்வளவு அடைக்கிறதோ அவ்வளவுதான். பேச்சுச் சத்தத்தையும் ஓரளவுக்குத்தான் குறைக்கும்.

ஏஎன்சியில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சிலருக்கு அதைப் போட்டதும் காது அடைத்தாற்போல ஓர் அழுத்தம் வரும், தலை சுற்றும். சத்தம் தாங்காதவர்களில் இது ஒத்துக்கொள்ளாதவர்கள் நிறையப் பேர் உண்டு, அதனால் திருப்பிக் கொடுக்க முடியும் என்ற உறுதி இல்லாமல் வாங்காதீர்கள். இன்னொன்று காற்று. கோடநாடு காட்சிமுனை, கோக்கர்ஸ் வாக் மாதிரி காற்று வீசும் இடத்தில் மைக்கில் காற்று மோதி காதுக்குள் புஸ் புஸ்ஸென்று கேட்கும். அங்கே ஏஎன்சியை அணைத்துவிடுவதே மேல்.

பெட்டியில் "இஎன்சி" என்று போட்டிருக்கிறது, விலை 900 ரூபாய்தான். வாங்கலாமா?

சத்தத்தை அடைப்பதற்கு என்றால் வேண்டாம். இஎன்சி என்பது நீங்கள் ஃபோனில் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் பக்கத்துச் சத்தம் போகாமல் தடுப்பது. உங்கள் காதுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. ஆன்லைனில் மலிவான இயர்பட்ஸ் பலவற்றில் இந்த மூன்றெழுத்தைக் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். ஏஎன்சி என்று தனியாக எழுதியிருக்கிறதா, எத்தனை டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறைக்கும் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அது வெறும் இயர்பட்ஸ்.

என்ஆர்ஆர் 29, எஸ்என்ஆர் 37 என்கிறார்களே, அந்த எண்ணை எப்படிப் படிப்பது?

என்ஆர்ஆர் அமெரிக்கக் கணக்கு, எஸ்என்ஆர் ஐரோப்பியக் கணக்கு. இரண்டும் சோதனைக்கூடத்தில் எத்தனை டெசிபல் குறைந்தது என்பதைச் சொல்கின்றன. ஒரே சாமானுக்கு எஸ்என்ஆர் எண் கூடுதலாகத்தான் இருக்கும், அதனால் ஒன்றோடு இன்னொன்றை ஒப்பிடக் கூடாது. உதாரணத்துக்கு 3எம் பெல்டர் எக்ஸ்5ஏ இயர்மஃபுக்கு என்ஆர்ஆர் 31, எஸ்என்ஆர் 37. அதே கம்பெனியின் 1100 ஃபோம் பிளக்குக்கு என்ஆர்ஆர் 29.

வீட்டில் அவ்வளவும் கிடைக்காது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், இயர்மஃபுக்குக் கால் பங்கும் ஃபோம் பிளக்குக்குப் பாதியும் கழித்துக்கொள்ளச் சொல்கிறது. அதன்படி 31 போட்ட மஃபில் 23, 29 போட்ட பிளக்கில் 14 அல்லது 15 கிடைத்தால் சரி. குறைவாகத் தோன்றலாம், ஆனால் 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானதுபோல இருக்கும். 80 டெசிபலில் வரும் சத்தம் 23 குறைந்தால் எதிரே உட்கார்ந்து ஒருவர் பேசும் அளவுக்கு வந்துவிடும்.

பிளக்கைப் போட்டு அதன்மேல் மஃபும் மாட்டினால் இரண்டு எண்களும் கூடிவிடாது. அதிகம் அடைக்கும் ஒன்றோடு இன்னும் ஐந்து டெசிபல் சேரும், அவ்வளவே. எவ்வளவு அடைத்தாலும் கொஞ்சம் சத்தம் மண்டையோட்டு எலும்பு வழியாக உள்ளே வந்துதான் தீரும்.

சரி, கையில் இருக்கும் பணத்துக்கு எதை வாங்குவது?

நூறு ரூபாய்க்குள் என்றால் ஃபோம் பிளக். ஜோடி பத்து, இருபது ரூபாய்க்குக் கிடைக்கும். எதை வாங்குவது என்று தெரியாமல் நிற்பவர்கள் முதலில் இதைத்தான் வாங்க வேண்டும். சத்தம் குறைந்தால் உண்மையில் நிம்மதி கிடைக்கிறதா என்று இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஐந்நூறு முதல் ஆயிரத்தைந்நூறு வரை என்றால் என் ஓட்டு இயர்மஃபுக்கு. என்ஆர்ஆர் 20க்கு மேல் அச்சிட்டிருக்கும் எந்த நல்ல கம்பெனி மஃபும் வீட்டுக்கும் விசேஷத்துக்கும் போதும். மிக அதிக எண் உள்ளதைத் தேடிப் போகாதீர்கள். எண் கூடக் கூட எடையும் இறுக்கமும் கூடும். மேலே சொன்ன எக்ஸ்5ஏ ஏறக்குறைய 350 கிராம். கழுத்து மெலிந்த பிள்ளை அரை மணி நேரத்தில் கழற்றி எறிந்துவிடும். எறிந்த மஃப் எதையும் அடைக்காது.

மூவாயிரம், நாலாயிரம் ரூபாயில் காதை மூடும் ஏஎன்சி ஹெட்ஃபோன்கள் இப்போது கிடைக்கின்றன. தினமும் பஸ்ஸில் போகிறவர்களுக்கும், ஃபேக்டரிப் பக்கத்தில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கும் அந்தப் பணம் வீண்போகாது. பத்தாயிரத்தை ஒட்டி என்றால் சோனியின் டபிள்யூஹெச்-சிஹெச்720என் ஒன்றைச் சொல்வேன். சத்தத்தை அடைப்பதில் அதைவிட நல்லவை உண்டு. ஆனால் 192 கிராம்தான் எடை, சத்தம் தாங்காதவர்களுக்கு அழுத்தமும் பெரும்பாலும் ஆகாது என்பதால் அந்த லேசு முக்கியம்.

கடையில் ஏஎன்சி ஹெட்ஃபோனை ஆன் செய்து பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மலிவானவற்றில் "பவர் ஆன்", "கனெக்டட்" என்று ஒரு குரல் வரும். அது காதுக்குள் கத்துவதுபோல இருக்கும், பலவற்றில் குறைக்கவும் முடியாது. சத்தத்துக்குப் பயந்து வாங்கிய சாமானே தினமும் காலையில் திடுக்கிட வைத்தால் எப்படி? அந்தக் குரலை அணைக்க வழி உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இயர்மஃப் எங்கே கிடைக்கும்?

எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டால் முழிப்பார்கள். மரம் அறுக்கும் மிஷின், புல் வெட்டும் மிஷின் விற்கும் கடைகளில் கேளுங்கள். தோட்ட வேலைக்குத் தேவைப்படுவதால் மலையிலேயே கிடைக்க வாய்ப்பு உண்டு. இல்லையென்றால் ஹெல்மெட், கையுறை, சேஃப்டி ஷூ விற்கும் கடைகள். நீலகிரிக்காரர்களுக்குக் கோவை, கொடைக்கானல் பக்கத்தவர்களுக்குத் திண்டுக்கல் அல்லது மதுரை. ஆன்லைனிலும் உண்டு. பெட்டியில் என்ஆர்ஆர் அல்லது எஸ்என்ஆர் எண் இல்லாத மஃப் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

ஃபோம் பிளக் போட்டால் நழுவி வந்துவிடுகிறது. ஏன்?

போடும் முறையில் இருக்கிறது. கையைக் கழுவிவிட்டு, பிளக்கை விரல்களுக்கிடையே மடிப்பு விழாமல் மெல்லிய திரிபோல உருட்ட வேண்டும். எதிர்க் கையைத் தலைக்குமேலே கொண்டுபோய் காதின் மேல்நுனியைப் பிடித்து, மேலும் பின்னுமாக இழுத்தால் துளை நேராகும். உருட்டியதைச் சட்டென்று உள்ளே விட்டு, விரிந்து முடிக்கும்வரை முப்பது விநாடி விரலால் பிடித்திருக்க வேண்டும். சரியாகப் போயிருந்தால் உங்கள் குரலே உங்களுக்குப் பானைக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும்.

டிசம்பர், ஜனவரிக் குளிரில் ஃபோம் விறைத்துப்போகும், மெதுவாகத்தான் விரியும். உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்கிவிட்டு உருட்டுங்கள். எடுக்கும்போது மெல்லத் திருகி எடுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் செவிப்பறைக்கு வலிக்கும்.

குல்லா போட்டுக்கொண்டு அதன்மேல் மஃப் மாட்டலாமா?

மலையில் இருப்பவர்கள் எல்லோரும் செய்வது இதுதான், மஃப் வேலை செய்யவில்லை என்று சொல்வதற்குக் காரணமும் பெரும்பாலும் இதுதான். மெத்தை தோலோடு முழுவட்டமாக ஒட்டியிருக்க வேண்டும். இடையில் கம்பளி வந்தால் அதன் இழை வழியாகவே சத்தம் உள்ளே போய்விடும். மஃபை முதலில் மாட்டி, அதன்மேல் குல்லாவை இழுத்து விடுங்கள். மங்கி குல்லா அதற்கு இடம் தராது. கொஞ்சம் தொளதொளவென்ற குல்லா வேண்டும். பட்டை தலைக்குமேலே போகாமல் பின்கழுத்தில் போகும் மஃபும் உண்டு. கொண்டை போட்டவர்களுக்கும் தலையில் துண்டு கட்டுபவர்களுக்கும் அது தோது.

மூக்குக்கண்ணாடியின் காது, ஜிமிக்கி, மாட்டல், அடர்ந்த கிருதா எல்லாமே இதே ஓட்டையைத்தான் போடும். கண்ணாடி இல்லாமல் முடியாது என்றால் மெல்லிய கம்பிச் சட்டம் வாங்குங்கள்.

ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மஃபை மாட்டிக்கொண்டு மிக்ஸியை ஓடவிடச் சொல்லுங்கள். இரண்டு கிண்ணங்களையும் கையால் காதோடு அழுத்துங்கள். அழுத்தியதும் சத்தம் இன்னும் குறைந்தால் எங்கோ இடைவெளி இருக்கிறது. முடியை ஒதுக்கி, கிண்ணத்தை மேலே கீழே நகர்த்திப் பாருங்கள்.

மலை ஏறும்போதும் இறங்கும்போதும் பிளக் போட்டுக்கொள்ளலாமா?

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். மேட்டுப்பாளையத்திலிருந்தோ வத்தலக்குண்டிலிருந்தோ ஏறும்போது காற்றழுத்தம் குறைந்துகொண்டே வரும், காது அடைத்து அடைத்து விடும். ஃபோம் பிளக் துளையை இறுக்கமாக அடைத்திருந்தால் அந்த அழுத்தம் சமமாவது கடினம், சிலருக்குக் காது வலிக்கும். மலைப்பாதையில் மஃப் நல்லது. அவ்வப்போது கிண்ணத்தை லேசாகத் தூக்கிவிட்டு எச்சிலை விழுங்கினால் போதும். சளி பிடித்த பிள்ளைக்கு இறக்கத்தில் குடிக்கவோ சப்பவோ எதையாவது கொடுங்கள்.

மலை ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை நீராவி எஞ்சின், விசில் கூர்மையாக இருக்கும். அந்தப் பாதையில் 16 குகைகள். குகைக்குள் நுழைந்ததும் பெட்டியில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து ஊளையிடுவார்கள், அது சுற்றுலாக்காரர்களுக்குச் சந்தோஷம். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதால் மேலே ஏறும்போது முன்பெட்டிகளில் விசில் சற்றுக் குறைவாகக் கேட்கும். கல்லாறு தாண்டியதும் மஃபை மாட்டிவிடுங்கள், இருட்டு வந்தபிறகு தேடாதீர்கள்.

மூன்று வயதுக் குழந்தைக்கு எது நல்லது?

குழந்தைகளுக்கான இயர்மஃப். ஃபோம் பிளக் சின்னக் குழந்தையிடம் கொடுக்கவே கூடாது, வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும். பெரியவர்களின் மஃபைச் சுருக்கி மாட்டினால் தாடைக்குக் கீழே இடைவெளி விழும், இறுக்கமும் அதிகம்.

வாங்கி வந்த அன்றே திருவிழாவுக்குப் போட்டு அழைத்துப் போகாதீர்கள். முதலில் வீட்டில், சத்தமே இல்லாத நேரத்தில், அது ஒரு விளையாட்டுச் சாமானாக இருக்கட்டும். பொம்மைக்கு மாட்டலாம், அப்பாவுக்கு மாட்டலாம். அப்புறம் அரை நிமிடம் தன் காதில். இறுக்கமாக இருந்தால் தலை அகலத்துக்குப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் இரண்டு இரவு மாட்டி வையுங்கள், பட்டை கொஞ்சம் தளரும். என் மகன் மெத்தையின் பிளாஸ்டிக் கன்னத்தில் படுவதை வெகுநாள் பொறுக்கவில்லை. பழைய பருத்தி பனியனில் மெல்லிய உறை தைத்துப் போட்டதும் தானாகவே எடுத்து மாட்ட ஆரம்பித்தான். உறையால் அடைப்பு சற்றுக் குறையும், மாட்டாமலே இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

எப்போது போடுவது, எப்போது கழற்றுவது என்பதைப் பிள்ளையிடமே விடுங்கள். "குக்கர் வைக்கப்போகிறேன்" என்று முன்கூட்டியே சொல்லி, மஃபைக் கையில் கொடுத்தாலே பாதிப் பயம் போய்விடும். பல பிள்ளைகளை நடுங்க வைப்பது, சத்தம் எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருப்பதுதான்.

பள்ளியில் போட விடுவார்களா?

கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் ஆட்டிசம் சேர்க்கப்பட்டிருக்கிறது. அரசு நிதியிலோ அங்கீகாரத்திலோ நடக்கும் பள்ளிகள் அந்தந்தக் குழந்தைக்குத் தேவையான நியாயமான வசதிகளைச் செய்துதர வேண்டும் என்று அதன் 16ஆம் பிரிவு சொல்கிறது. மணி அடிக்கும்போது, பிரேயர் ஸ்பீக்கர் ஓடும்போது, சாப்பாட்டு நேரத்தில் போடுவதாக வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள், டாக்டர் கடிதம் இருந்தால் அதையும் இணையுங்கள். பாடம் நடக்கும்போது கழற்றிவைப்பதாகவும் சொல்லுங்கள். அது பாட்டுக் கேட்கும் ஹெட்ஃபோன் இல்லை என்பதைக் கையில் கொடுத்துக் காட்டிவிட்டால் எதிர்ப்பு குறையும்.

நாள் முழுக்கப் போட்டிருந்தால் தப்பா?

தப்புத்தான், இதை அழுத்திச் சொல்கிறேன். சத்தமே வராமல் அடைத்துவைத்தால், வருகிற கொஞ்சச் சத்தத்தையும் மூளை பெரிதாக்கிக் கேட்கத் தொடங்கும். மஃபைக் கழற்றியதும் முன்பு தாங்கிய சத்தம்கூடத் தாங்காமல் போகும். ஹைபரக்யூசிஸ் உள்ளவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்த ஆபத்து. சத்தமான இடத்தில் போடுங்கள், அமைதியான வீட்டில் கழற்றிவிடுங்கள். கழற்றப் பயமாக இருந்தால் முழுமௌனத்துக்குப் பதில் மெல்லிய மழைச் சத்தமோ விசிறிச் சத்தமோ பின்னணியில் ஓடட்டும். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கும் சிகிச்சைகளும் உண்டு. அவற்றை ஆடியாலஜிஸ்ட், அதாவது காது கேட்பதைச் சோதித்துச் சரிசெய்யும் நிபுணர், மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

தூங்கும்போது?

ஃபோம் பிளக், அல்லது துளையின் வாயில் அப்பும் மெழுகு, சிலிக்கான் உருண்டை. தகர ஷீட்டில் விழும் மழைச் சத்தத்துக்கு ஃபோம் நன்றாகவே வேலை செய்யும். அலாரத்துக்கு ஃபோனை வைப்ரேஷனில் தலையணைக்கு அடியில் வையுங்கள்.

ரோட்டில் நடக்கும்போது போடலாமா?

இங்கே வேண்டாம். கீழே வண்டிக்கு மட்டும் பயந்தால் போதும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் காட்டுமாடு ஊருக்குள்ளேயே நடமாடுகிறது. கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்துக்குள் கரடி வரும், கூடலூர், பந்தலூரில் யானை. புதருக்குள் கிளை முறியும் சத்தம் காதில் விழுந்தால்தான் பின்வாங்க நேரம் கிடைக்கும். வளைவுக்கு அப்பால் வரும் வண்டியும் ஹாரனால்தான் தெரியும். நடந்தே ஆக வேண்டும், காதும் தாங்காது என்றால் 12 முதல் 15 டெசிபல் மட்டும் குறைக்கும், நடுவில் சின்னத் துளை வைத்த சிலிக்கான் பிளக்கை ஒரு காதில் மட்டும் போடுங்கள். விடியற்காலையும் அந்திக்குப் பிறகும் அதுவும் கூடாது. பிள்ளை மஃப் போட்டிருந்தால் கையை விடாதீர்கள்.

சத்தத்தை மறைக்க மேலே பாட்டு வைத்துக் கேட்கலாமா?

மெதுவாக என்றால் சரி. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் வரை என்று வரம்பு சொல்கிறது. பிள்ளைகளுக்கு 75 டெசிபல். பஸ் சத்தத்தை மீறிக் கேட்பதற்காக ஒலியை ஏற்றிக்கொண்டே போவதுதான் ஆபத்து. ஏஎன்சி இருந்தால் அந்தத் தேவை குறையும்.

தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்கிறேன். இதே சாமான் போதுமா?

மஃபும் பிளக்கும் பிறந்ததே உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். எட்டு மணி நேர வேலைக்கு நம் நாட்டு விதிகளின் வரம்பு 90 டெசிபல். 85லேயே பாதுகாப்பு வேண்டும் என்கிறது நியோஷ். கைநீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் 85ஐத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே மஃபைச் சொந்தக் காசில் வாங்காதீர்கள், நிர்வாகத்திடம் கேளுங்கள். கொடுக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு.

குழாய் ஸ்பீக்கர் வைப்பவர்களிடம் குறைக்கச் சொல்ல முடியாதா?

முடியும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் அனுமதி. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக்கலாம், அங்கே 50, 40. இரவு பத்து முதல் காலை ஆறு வரை வெளியே ஸ்பீக்கர் கூடாது. பண்டிகைகளுக்காக வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம். மீறினால் 112இல் போலீஸைக் கூப்பிடலாம். ஆனால் ஊர்த் திருவிழாவில் நான் முதலில் செய்வது, விழாக் கமிட்டியில் இருக்கும் பெரியவரைப் பத்து நாள் முன்னால் பார்த்து, "பையனுக்குச் சத்தம் ஆகாது அண்ணா, ஒரு குழாயை மட்டும் வேறு பக்கம் திருப்பிக் கட்டுங்கள்" என்று கேட்பது. ஸ்பீக்கரைத் திருப்பச் சொன்னால் திருப்புகிறார்கள். நிறுத்தச் சொன்னால்தான் சண்டை.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

திடீரென்று இந்தத் தொல்லை தொடங்கினால், ஒரு காதில் மட்டும் இருந்தால், காது கேட்பது குறைந்தால், சீழ் வந்தால், தலைசுற்றல் சேர்ந்தால் தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். பிள்ளைக்கு ஆட்டிசமோ என்று சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனையின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பார்ப்பார்கள். உறுதியானால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டின் நிராமயா காப்பீட்டில் வருடம் ஒரு லட்ச ரூபாய் வரை சிகிச்சைச் செலவும் கிடைக்கும்.

மழைக்காலத்தில் மெத்தையில் பூஞ்சை பிடிக்கிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம், பல மஃப்களில் மெத்தை கழன்று வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் லேசான சோப்பு கலந்து துணியால் துடைத்து, அடுப்பங்கரையில் நேரடிச் சூடு படாத இடத்தில் காயவிடுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சு நனைந்தால் அதைத் தனியே எடுத்து முழுக்கக் காய்ந்தபின் வையுங்கள். ஈரத்தோடு மாட்டினால் காதுக்குள்ளும் பூஞ்சை வரும், அரிப்பு அதன் முதல் அறிகுறி. பெட்டிக்குள் அரிசி மூட்டை போட்டு வைப்பதைவிட, ஷூ டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் நல்லது. ஃபோம் பிளக்கைக் கழுவக் கூடாது. அழுக்கானாலோ விரியாமல் போனாலோ புதிது எடுங்கள். சிலிக்கான் பிளக்கைத் தினமும் கழுவலாம்.

மெத்தை தோல் வெடித்தாலோ, அழுத்தினால் திரும்ப எழும்பாமல் கல்போல ஆனாலோ அடைப்பு போய்விட்டது என்று அர்த்தம். குளிர் இடத்தில் அது சீக்கிரமே விறைக்கும். வாங்கும்போதே அந்த மாடலுக்கு மாற்று மெத்தை தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்கும் என்றால் ஒரு ஜோடி சேர்த்தே வாங்கிவிடலாம்.